குழாயில் நீர்க்கட்டி: எந்தக் கட்டி என்று முதலில் தெரியட்டும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 29. கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறோம். சொந்தத் தேயிலைத் தோட்டம் ஒரு ஏக்கர். கொழுந்து பறிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் நானும்தான். பையனுக்கு 5 வயது. இரண்டு வருஷமாக அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், நிற்கவில்லை. வலது அடிவயிற்றில் அவ்வப்போது ஓர் இழுப்பு வருகிறது. ஸ்கேன் எடுத்ததில், 'வலது பக்கம் 4.2 செ.மீ. நீர்க்கட்டி, சினைப்பை தனியாகத் தெரிகிறது, கருக்குழாயை ஒட்டிய கட்டியாகவோ குழாயில் நீர் கோத்ததாகவோ இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் கட்டி அப்படியே இருக்கிறது. சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையில் 42 வந்தது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். இங்கே ஒரு டாக்டர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். கோவையில் ஒருவர் 'குழாயோடு எடுத்துவிடலாம், உடனே அட்மிஷன் ஆகுங்கள்' என்கிறார். அத்தை கழற்சிக்காய்ப் பொடி கொடுக்கிறார். ஹெத்தையம்மன் பண்டிகை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றும் சொல்கிறார். மாமனாருக்கு முன்பு டி.பி. வந்து குணமானது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மூட்டை தூக்கியதால் வந்ததா? குழாயை எடுத்தால் குழந்தை பிறக்குமா? இது கேன்சரா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் மனதில் ஏறாது. உங்கள் வயதில், சுவர் மெல்லியதாக, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருக்கிற கட்டி புற்றுநோயாக இருப்பது மிகவும் அரிது. உள்சுவரில் திட்டுத் திட்டாகச் சதை வளர்ந்திருப்பது, அந்தச் சதைக்குள் ரத்த ஓட்டம் தெரிவது, வயிற்றுக்குள் நீர் தேங்கியிருப்பது, இவையெல்லாம் இருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அந்த 42-ஐப் பார்த்து எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்களோ தெரியவில்லை. சி.ஏ.125 என்பது புற்றுநோய் மட்டும் சுரக்கிற பொருள் இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு, கருக்குழாய், வயிற்றின் உள்ளுறை எல்லாமே அதைச் சுரக்கும். மாதவிலக்கு நாட்களில் ரத்தம் கொடுத்திருந்தால் கூடும். நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), இடுப்புப் பகுதித் தொற்று, டி.பி., ஏன், கர்ப்பம் தரித்தாலும்கூடக் கூடும். மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுபோன வயதுப் பெண்ணுக்கு அந்த எண் ஏறினால் அது வேறு கதை. 29 வயதில், சாதாரண நீர்க்கட்டி உள்ள ஒருவருக்கு அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்பது என் கருத்து. எடுத்தாகிவிட்டது, சரி. இனி அதை விட்டுவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்ற ஒரு சொல் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிற பெண்ணின் சினைப்பையில் மணி மணியாகத் தெரியும் முதிராத சினைமுட்டைப் பைகளுக்கும் நீர்க்கட்டி என்றுதான் பெயர். சினைமுட்டை வெடிக்காமல் வீங்கி, இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிப்போகிற கட்டிக்கும் அதே பெயர்தான். கருக்குழாயின் ஓரத்தில் பலூன் மாதிரி தொங்குகிற பைக்கும் அதுவே. குழாயின் வாய் அடைத்து உள்ளுக்குள் நீர் கோத்து நிற்பதையும் அப்படியே சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நீர்க்கட்டி கரைந்ததே என்றால், அவருக்கு இருந்தது எது என்று கேட்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையும் இந்தக் குழப்பத்தில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த மாத்திரை சினைமுட்டை முதிர்வதை நிறுத்தி வைக்கும். சினைப்பையோடு சம்பந்தமில்லாத ஒரு பையை அது ஒன்றும் செய்யாது. ஆனாலும் அந்த மூன்று மாதம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். அத்தனை நாளாகியும் அளவு மாறவில்லை என்பதே ஒரு தடயம். சினைப்பையில் தற்காலிகமாக வந்த கட்டியாக இருந்திருந்தால் இதற்குள் பெரும்பாலும் சுருங்கியிருக்கும்.

கருக்குழாய் என்பது கர்ப்பப்பையின் இரு தோளிலிருந்தும் கிளம்பி, சினைப்பையை நோக்கி வளைந்து போகிற குழாய். நீளம் 10 முதல் 12 செ.மீ. கர்ப்பப்பைப் பக்கம் நூல் நுழைகிற அளவுதான் துவாரம். போகப் போக அகலமாகி, முடிவில் விரல் விரலாகக் குஞ்சம் வைத்ததுபோல் விரிந்திருக்கும். 1561-இல் இதை விவரித்து எழுதிய ஃபலோப்பியோ என்ற இத்தாலிய மருத்துவருக்கு அது ஊதுகொம்பு மாதிரி தெரிந்திருக்கிறது. எனக்கு நம் நாகஸ்வரத்தின் அணசுதான், அதன் விரிந்த வாய்ப்பகுதிதான், ஞாபகத்துக்கு வரும். அந்தக் குஞ்சம் சினைப்பையின் மேல் தடவியபடி இருந்து, வெளியே வரும் முட்டையை வாரி எடுத்துக்கொள்ளும். விந்தணுவும் முட்டையும் சேர்வது குழாயின் அகன்ற பகுதியில். சேர்ந்த பிறகு கருவை மெல்ல நகர்த்திக் கர்ப்பப்பையில் கொண்டுபோய் விடுவதும் குழாயின் உள்ளே இருக்கிற நுண்ணிய ரோமங்களின் வேலைதான். அதனால் குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே அந்த ரோமங்களும் நன்றாக இருக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

உங்கள் ரிப்போர்ட்டில் 'அல்லது' போட்டு எழுதியிருக்கும் இரண்டும் வேறு வேறு.

முதலாவது, குழாயை ஒட்டிய கட்டி. குழாய்க்கும் சினைப்பைக்கும் நடுவே ஒரு சவ்வு விரிந்திருக்கிறது. அந்தச் சவ்வுக்குள் வளர்வது இது. இதன் பிறப்பைச் சொன்னால் மூட்டைக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். தாயின் வயிற்றில் இருக்கும்போது, ஆணாகப் போகிற குழந்தைக்கும் பெண்ணாகப் போகிற குழந்தைக்கும் ஆரம்பத்தில் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். பெண் குழந்தையில் ஒரு ஜோடி வளர்ந்து கர்ப்பப்பையும் கருக்குழாயும் ஆகிறது. மற்ற ஜோடி வேலையில்லாமல் வாடிப்போகிறது. வாடியது முழுக்க மறையாமல் அங்கங்கே துணுக்குகளாக நின்றுவிடும். வயது வந்த பிறகு அந்தத் துணுக்கில் ஒன்று நீர் சுரந்து பை ஆகலாம். வளர்ந்த ஜோடியின் மிச்சங்களிலிருந்தும் வரலாம். குஞ்சத்தின் நுனியில் ஒரு செ.மீ.கூட இல்லாத குட்டிப் பை தொங்குவதை வேறு எதற்கோ ஆபரேஷன் செய்யும்போது அடிக்கடி பார்ப்போம். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டும் வருவோம். ஆக, இது நீங்கள் பிறப்பதற்கு முன்பே விதைபோட்ட விஷயம். கொழுந்து மூட்டை தூக்கியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'நான்தான் உன்னைத் தூக்க விட்டேன்' என்று அத்தை வருத்தப்படுகிறாரென்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, குழாயில் நீர் கோத்தல். ஹைட்ரோசால்பிங்ஸ் என்று எழுதுவார்கள். எப்போதோ வந்த தொற்றால் குஞ்சத்தின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழாயின் வாய் மூடிவிடுகிறது. உள்ளே ஊறுகிற நீர் வெளியேற வழியில்லாமல் குழாயே வீங்கி நிற்கிறது. கிளமிடியா, கொனோரியா போன்ற உடலுறவில் பரவும் தொற்றுகள், கருச்சிதைவுக்கோ பிரசவத்துக்கோ பின் வந்த சீழ், குடல்வால் வெடித்தது, எண்டோமெட்ரியோசிஸ், நம் நாட்டில் முக்கியமாக டி.பி., இப்படிக் காரணங்கள் பல. பலருக்குத் தொற்று வந்ததே தெரிந்திருக்காது. இங்கே ஒரு வார்த்தை. கிளமிடியா என்றதும் வீட்டில் யார் மேலாவது சந்தேகப் புயல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். குழாய் அடைத்திருப்பதை வைத்து மட்டும் யாருடைய நடத்தையையும் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டில் உங்களுடையது எது? வைத்தியம் முழுக்க அதைப் பொறுத்திருக்கிறது. அது தெரியாமலே ஒருவர் 'பார்க்கலாம்' என்கிறார், இன்னொருவர் 'எடுக்கலாம்' என்கிறார். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால், இருவருமே ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள் என்பேன்.

அந்தப் படி, நல்ல அனுபவமுள்ள ஒருவரிடம் உள்ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்ப்பது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் 4 செ.மீ. பை தெரியும், அதன் அண்டை அயல் தெரியாது. உள்ஸ்கேனில் கருவி கட்டிக்கு வெகு அருகில் போய்விடும். மாதவிலக்கு நின்ற அடுத்த சில நாட்களில் போங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர் கருவியால் மெல்ல ஓர் அழுத்தம் கொடுப்பார். கட்டி ஒரு பக்கமும் சினைப்பை ஒரு பக்கமும் விலகி நகர்ந்தால், அது சினைப்பையைச் சேர்ந்ததில்லை. உருண்டையாக, மெல்லிய சுவரோடு, உள்ளே கறுப்பாகத் தெளிவாக இருந்தால் குழாயை ஒட்டிய கட்டி. நீளவாக்கில் வளைந்து, நடுவில் இடுப்புச் சிறுத்து, உள்ளே பாதிவரை வந்து நின்றுவிடும் தடுப்புச் சுவர்களோடு இருந்தால் நீர் கோத்த குழாய். பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன்னால் ஐம்பது அறுபது ரூபாய் செலவில் ஒரு வேலை: சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள். குழாயில் தங்கிவிட்ட கருவும் ஸ்கேனில் சினைப்பைக்குப் பக்கத்தில் ஒரு கட்டியாகத்தான் தெரியும். குழந்தைக்கு முயற்சி செய்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் எது தெரிந்தாலும், முதலில் இதை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். இரண்டு வருஷம், இரண்டு டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மூன்று மாத மாத்திரை, பொடி என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா? ஒரு வரிகூட இல்லை. முதல் குழந்தை இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருஷத்தில் ஆணுக்கும் எல்லாம் மாறலாம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, சுத்தமான டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்தால் முடிந்தது. வலியில்லை, கத்தியில்லை. உங்கள் வயிற்றில் துளை போடுவதற்கு முன் இது வந்தாக வேண்டும். மலையில் லேப் தூரம் என்றால் லேபிலேயே அதற்கு இடம் இருக்கும், கேளுங்கள்.

ட்யூப் டெஸ்ட் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அது குழாய் வழியாக வெளியே வழிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. மாதவிலக்கு நின்ற பிறகு, பத்தாம் நாளுக்கு முன்னால் செய்வார்கள். குழாய் ஒட்டிய கட்டிதான் என்று ஸ்கேனில் தெரிந்தால், குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க இது உதவும். மாதவிலக்கு வலி மாதிரி கொஞ்ச நேரம் வலிக்கும். நீர் கோத்த குழாய் என்று ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்துவிட்டால் அவசரப்பட்டு இதைச் செய்ய வேண்டாம். உறங்கிக்கிடக்கும் பழைய தொற்றை எழுப்பிவிடக்கூடும். செய்தே தீர வேண்டும் என்றால் ஆன்டிபயாடிக் பாதுகாப்போடு செய்ய வேண்டும்.

மாமனாரின் டி.பி. பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. நுரையீரலில் இருக்கிற கிருமி ரத்தத்தின் வழியாகப் போய்ப் பெண்களுக்குக் கருக்குழாயில் உட்கார்ந்துகொள்வது உண்டு. இருமல் இருக்காது, சளி இருக்காது. குழந்தை நிற்கவில்லை என்று வரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஒரே வீட்டில் புழங்கியிருக்கிறீர்கள் என்பதால் இதை ஒதுக்கிவிடக் கூடாது. மாமனாருக்கு எந்த வருஷம் வந்தது, மாத்திரையை முழுதாக முடித்தாரா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்குச் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, மாதவிலக்கின் போக்கு குறைந்துகொண்டே வருவது போன்றவை இருந்தாலும் சொல்லுங்கள். ஸ்கேனில் நீர் கோத்த குழாய் என்று வந்தால், மாதவிலக்குக்குச் சற்று முன்பு கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஒரு துணுக்கு எடுத்து டி.பி. பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அதில் இல்லை என்று வந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. குழாயில் இருக்கிற கிருமி அந்தத் துணுக்கில் அகப்படாமல் போகலாம். இருக்கிறது என்று வந்துவிட்டால் ஆறு மாதச் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். முடியும்வரை ஆபரேஷனும் வேண்டாம், கர்ப்பமும் வேண்டாம். சிகிச்சை கிருமியைக் கொல்லும். அது ஏற்கெனவே சிதைத்துவிட்ட ரோமங்களைத் திரும்பத் தராது. முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சரி, குழாய் ஒட்டிய கட்டிதான் என்று உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். என் ஊகமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, பார்க்காமல் சொல்கிற ஊகம் என்பதை மறக்காதீர்கள். 4.2 செ.மீ., தெளிந்த நீர், எப்போதாவது ஓர் இழுப்பு. இதற்கு உடனடி ஆபரேஷன் தேவையில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அளவு மாறாமல் இருந்தால் பிறகு வருஷத்துக்கு ஒன்று. இவை மெதுவாக வளரும். பல அப்படியே நின்றுவிடும். தானாகக் கரைவது அபூர்வம். எடுக்க வேண்டி வருவது எப்போதென்றால், 5 செ.மீ. தாண்டி வளர்ந்துகொண்டே போனால், வலி அடிக்கடி வந்தால், உள்ளே சதை மாதிரி ஏதாவது தெரிந்தால், அல்லது குழாயை இழுத்து நீட்டிக் குஞ்சத்தை அதன் இடத்தில் இருக்க விடாமல் செய்தால்.

எடுப்பதென்றாலும் குழாயோடு எடுக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். கட்டி இருப்பது குழாய்க்கு வெளியே, சவ்வுக்குள். லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு சிறு துளை போட்டு, மேல்சவ்வைக் கீறி, வேகவைத்த வேர்க்கடலையிலிருந்து பருப்பைப் பிதுக்குகிற மாதிரி கட்டியைத் தனியாக உரித்து எடுத்துவிடலாம். குழாய் கட்டியின் மேல் நாடா மாதிரி நீண்டு படிந்திருக்கும். பார்க்கிறவருக்கு நாசமாகிவிட்டது என்று தோன்றும். கட்டி போன பிறகு அது பெரும்பாலும் தன் அளவுக்குத் திரும்பிவிடும். அதே நேரத்தில் நீல மருந்தைச் செலுத்தி இரண்டு குழாயும் திறந்திருக்கின்றனவா என்றும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தனியாக இன்னொரு பரிசோதனை மிச்சம். எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பை அங்கேயே இருக்கும், திரும்ப நிரம்பும். ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். சமையல் ஒரு வாரத்தில், கொழுந்து பறிக்க மூன்று வாரத்தில். மூட்டை மட்டும் ஆறு வாரம் வேறு யாராவது தூக்கட்டும்.

நீர் கோத்த குழாய் என்றால் கணக்கு வேறு. மாத்திரையால் ஒட்டிய வாய் திறக்காது. பாதிப்பு கொஞ்சமாக இருந்தால், லேப்ராஸ்கோப்பியில் வாயைத் திறந்து மடித்துவிடுகிறார்கள். திரும்ப மூடிக்கொள்ளலாம், அடுத்த கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் கூடும். உள்சுவர் கெட்டுப்போயிருந்தால் அந்தக் குழாயை எடுத்துவிடுவதே நல்லது. ஏனென்றால் தேங்கிய நீர் பின்பக்கமாகக் கர்ப்பப்பைக்குள் வழிந்து கருவைத் தங்கவிடாது. டெஸ்ட் ட்யூப் குழந்தைக்குப் போகிறவர்களுக்கே இந்த நீர் வெற்றி வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் முதலில் குழாயை எடுத்துவிட்டோ, கர்ப்பப்பைப் பக்கம் அடைத்துவிட்டோ அப்புறம் கருவை வைக்கிறார்கள். கோவை டாக்டர் 'குழாயோடு' என்று சொன்னது இதை மனதில் வைத்துத்தான் இருக்கலாம். அவரிடமே கேளுங்கள்: 'இது குழாய் ஒட்டிய கட்டியா, நீர் கோத்த குழாயா? கட்டி என்றால் ஏன் குழாயை எடுக்க வேண்டும்?' இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் நான் என் வீட்டுப் பெண்ணை அனுப்பமாட்டேன்.

ஒரு குழாயை எடுத்தாலும் மாதவிலக்கு வரும், சினைப்பை அங்கேயே இருக்கும், உடம்பு பெருக்காது. இடது குழாய் நன்றாக இருந்தால் இயல்பாகவே கரு நிற்கும். வலது சினைப்பையில் வெளியான முட்டையைக்கூட இடது குழாய் வாரி எடுத்துக்கொள்வது உண்டு.

இனிமேல் சொல்லப்போவது, கோவைக்காரர்களுக்கு எழுதும்போது நான் இவ்வளவு விரித்துச் சொல்லாத விஷயம். மலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிக் கட்டியில் நான் பயப்படுவது முறுக்கிக்கொள்வதற்குத்தான். பை கனத்தால் குழாய் தன் காம்பில் சுற்றிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரம் போனால் குழாய் கறுத்துவிடும், சில சமயம் சினைப்பையும் சேர்ந்து போகும். பல வருஷங்களுக்கு முன், நவம்பர் மழையில், ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பதினேழு வயதுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். முதல் நாள் இரவு திடீரென்று வலி, இரண்டு முறை வாந்தி. வாயு என்று சோடா கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் வலி குறைந்துவிட்டது. குறைந்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்தாள். வலி குறைந்தது முறுக்கு அவிழ்ந்ததால் இல்லை, குழாய் செத்துவிட்டதால். எடுப்பதைத் தவிர வழியில்லை. இன்றைக்கு அவளுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், அது வேறு. அந்த இரவே வந்திருந்தால் முறுக்கை அவிழ்த்துவிட்டு, கட்டியை மட்டும் எடுத்துக் குழாயைக் காப்பாற்றியிருக்கலாம்.

அதனால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது இது: ஒரு பக்கமாகத் திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி. விட்டு விட்டு வந்தாலும் சரி. விடியட்டும் என்று வலி மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அதே மாதிரி, மாதவிலக்கு தள்ளிப்போய், அடிவயிற்றில் வலியும் திட்டுத் திட்டாக ரத்தமும், தலைச்சுற்றலும் தோள்பட்டை வலியும் என்றாலும் அப்போதே கிளம்ப வேண்டும். அது குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம்.

எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும். மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் அந்தச் சாலையை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குன்னூருக்கோ போவது நல்லது. இரவில் லேப்ராஸ்கோப்பி அங்கே செய்கிறார்களா என்பதை ஒரு பகலில் நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால்தான், சமவெளியில் இருக்கிற பெண்ணுக்கு 'ஆறு செ.மீ. ஆகட்டும், பார்க்கலாம்' என்று சொல்கிற நான், ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர்க்காரருக்குக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிடச் சொல்வேன். புத்தகத்தில் இப்படி எழுதியிருக்காது. கர்ப்பம் தரித்த பிறகும் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறவர் என்பதால் 5 செ.மீ.யை நெருங்கினாலே உங்களுக்கு எடுத்துவிடலாம் என்பதுதான் என் யோசனை.

பண்டிகை முடியட்டும் என்று அத்தை சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தக் கட்டி மூன்று நான்கு வாரம் காத்திருக்கும். ஹெத்தையம்மனுக்குப் போய்விட்டு வாருங்கள், மேலே சொன்ன வலி வராத வரைக்கும். கழற்சிக்காய்ப் பொடியை மட்டும் நிறுத்திவிடுங்கள். எந்தப் பொடியும் மாத்திரையும் அந்தப் பைக்குள் போய் நீரை வற்றவைக்காது. கரு நிற்கலாம் என்கிற மாதங்களில் தேவையில்லாத மருந்து எதுவும் வயிற்றுக்குள் போக வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒரு ஏக்கர் தேயிலை என்றதும் எனக்குத் தோன்றியது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருகிறதா என்று கேட்டுவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு அட்டையைக் காட்டிப் பயனில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் பையன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன்கள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில் எடுத்தது, வீட்டில் இருக்கிறதா? 'வலது பக்கம் சிறு நீர்க்கட்டி' என்று அதில் ஒரு வரி இருந்தால், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆறு வருஷமாக இருக்கிற கட்டி, அது இருக்கும்போதே ஒரு குழந்தை நின்று பிறந்திருக்கிறது என்று ஆகும். உள்ஸ்கேனுக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். நீங்கள் தேடிக் கிடைக்காவிட்டால் அத்தையைக் கேளுங்கள். பேரனின் முதல் படத்தை அவர்தான் பத்திரமாக வைத்திருப்பார்.